பதில்: அம்மாவின் மாத்திரையை இடித்துக் கொடுக்கிறார்கள், சரியா?

வணக்கம் அக்கா. சாட்ஸ்வர்த் முதியோர் இல்லத்தில் இருக்கும் அம்மாவால் விழுங்க முடியவில்லை என்று எல்லா மாத்திரையையும் இடித்துக் கஞ்சியில் கலந்து கொடுக்கிறார்கள், மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு எழுந்தாலே தலை சுற்றுகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

எனக்கு முதல் சந்தேகம் அம்மா எடுக்கும் நிஃபெடிபின் என்ற இரத்த அழுத்த மாத்திரை மேல்தான். பெட்டியில் பெயருக்குப் பின்னால் எக்ஸ்எல், எஸ்ஆர் மாதிரி ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரை, இடித்தால் பல மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக உள்ளே போய் இரத்த அழுத்தம் சரேலென்று இறங்கிவிடும். இன்றே சிஸ்டரிடம் சொல்லி, அடுத்த வேளைக்கு முன்னால் மருந்தாளரிடமோ டாக்டரிடமோ கேட்கச் சொல்லுங்கள். பல மருந்துகள் திரவமாகவே கிடைக்கும், இல்லாவிட்டால் டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றுவார். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், மருத்துவமனை கொடுத்த பட்டியலையும் இல்லத்து மருந்துச் சார்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே மருந்து கிளினிக்கில் ஒரு பெயரிலும் தனியார் பார்மசியில் வேறு பெயரிலும் வரும், இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது நடக்கிற விஷயம்தான். தூக்கத்துக்கு என்று அமிட்ரிப்டிலின் இருந்தால் அதையும் கேளுங்கள், வயதானவர்களுக்கு அது மயக்கமும் குழப்பமும் தரும்.

படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற பிறகும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். விழுந்து தலையில் அடிபட்டால், அதுவும் வார்ஃபரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) எடுப்பவர் என்றால், காத்திருக்காமல் உடனே மருத்துவமனை. விழுங்க முடியாதது ஏன் என்று யாராவது பார்த்தார்களா?