கெக்கிற்கு எந்த கேஸ்? – வாசகர் கேள்வி பதில்

வீட்டில் பியர் காய்ச்சி, புட்டியில் அடைப்பதை விட்டுவிட்டு கெக்கிற்கு மாறும் வாசகர்கள் கார்பன் டை ஆக்சைடு பற்றி நிறையக் கேட்டிருக்கிறார்கள். கேள்விகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து வந்தவை. அதனால் சிலிண்டர் அளவைப் பவுண்டிலும் அழுத்தத்தைப் பிஎஸ்ஐயிலும் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) சொல்லியிருக்கிறோம். கெக் என்று சொல்வது 19 லிட்டர் (5 கேலன்) பிடிக்கும் கார்னி கெக்கை: கேஸ் உள்ளே போக ஒன்று, பியர் வெளியே வர ஒன்று என இரண்டு இணைப்புகள் கொண்ட எஃகுப் பீப்பாய். அதில் விடும் கேஸ்தான் பியருக்கு நுரை தருகிறது, குவளைக்கும் தள்ளுகிறது.

எங்கள் ஊர் வெல்டிங் கேஸ் கடையில் நிரப்பினால் ஹோம்ப்ரூ கடை விலையில் பாதிதான் ஆகிறது. வெல்டிங் கேஸைக் குடிக்கிற பியரில் விடலாமா? – வாசகர், டாலஸ்

கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பல ஊர்களில் வெல்டிங் கடை, ஹோம்ப்ரூ கடை, மதுக்கூடம் மூன்றுக்கும் கேஸ் வருவது ஒரே மொத்தத் தொட்டியிலிருந்துதான். கவலைப்பட வேண்டிய விஷயங்கள் இரண்டு: கேஸின் தரச் சான்று, உங்கள் கைக்கு வரும் சிலிண்டரின் உட்புறம்.

பானத் தரம் என்பதற்குத் தெளிவான வரையறை இருக்கிறது. பானத் தொழில்நுட்பவியலாளர்களின் பன்னாட்டுச் சங்கத்தின் வழிகாட்டியின்படி தூய்மை குறைந்தது 99.9 சதவீதம். பத்து லட்சத்தில் ஆக்சிஜன் 30 பங்கையும் ஈரம் 20 பங்கையும் தாண்டக் கூடாது. பென்சீன் நூறு கோடியில் 20 பங்குதான் இருக்கலாம். தொழில் தரம் என்று விற்பது பொதுவாக 99.5 சதவீதம். அந்த அரை சதவீதம் முழுவதும் காற்று என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். ஒரு கெக்கிற்கு நுரையேற்ற சுமார் 33 லிட்டர் கேஸ் உள்ளே போகும். அதனுடன் லிட்டர் பியருக்கு 2 மில்லிகிராமுக்கும் மேல் ஆக்சிஜன் சேர்ந்துவிடும். ஹாப் என்ற பூவின் மணத்துக்காகவே காய்ச்சும் ஐபிஏ வகை பியர் சில வாரங்களில் பழுத்து, ஈர அட்டைப்பெட்டி வாசனைக்குப் போக இவ்வளவே போதும். பானத் தர கேஸில் அதே கணக்கு 0.07 மில்லிகிராமில் நின்றுவிடும். எனவே கடையில் "இது உணவுக்கு ஆகுமா?" என்று கேட்காமல், "மொத்தத் தொட்டிக்குப் பானத் தரச் சான்று இருக்கிறதா, காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்கும். இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

சிலிண்டரின் உட்புறம்தான் அதிகம் கெடுக்கிறது. முழுக்கக் காலியாக்கி வால்வை மூடாமல் போட்டு வைத்த சிலிண்டருக்குள் ஈரக்காற்று புகும். எஃகு சிலிண்டராக இருந்தால், ஈரமும் கேஸும் சேர்ந்து உண்டாகும் கார்பானிக் அமிலத்தில் உள்ளே துருப்பிடிக்கும். அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரில் பின்னோட்டத் தடுப்பு வால்வு இல்லாதவர்கள் கையில் பியரே சிலிண்டருக்குள் போய்ப் புளித்திருக்கும். இதற்கெல்லாம் ஒரே சோதனை போதும். புது சிலிண்டரை கெக்கில் மாட்டும் முன், கேஸ் குழாயை மாட்டக்கூடிய கார்பனேஷன் மூடி போட்ட ஒரு லிட்டர் பிளாஸ்டிக் புட்டியில் முக்கால் பங்கு குளிர்ந்த நீரை எடுத்து, 30 பிஎஸ்ஐயில் கேஸ் விட்டு நன்றாகக் குலுக்குங்கள். பத்து நிமிடம் கழித்துக் குடித்துப் பாருங்கள். லேசான புளிப்பு மட்டும் இருந்தால் சரி. எண்ணெய், அழுகிய முட்டை, பெயின்ட் வாசனை ஏதாவது தெரிந்தால் அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வெல்டிங் கடைக்கே உரிய பொறி ஒன்றும் உண்டு. சில சிலிண்டர்களின் உள்ளே அடிவரை குழாய் இறங்கியிருக்கும். "சைஃபன்" என்று எழுதியிருப்பார்கள். அதைத் திறந்தால் கேஸ் வராது, திரவம் வரும். ரெகுலேட்டர் உறைந்து பாழாகும். குழாய் இல்லாததைத்தான் கேட்டு வாங்க வேண்டும். ஆர்கான் 75, கார்பன் டை ஆக்சைடு 25 கலந்த "சி25" சிலிண்டரின் வால்வு சி.ஜி.ஏ. 580 (அமெரிக்க வால்வு இணைப்புத் தர எண்). நமக்கு வேண்டியது சி.ஜி.ஏ. 320. மரை பொருந்தவில்லை என்றால் அடாப்டரைத் தேட வேண்டாம், சிலிண்டரே தவறு.

எந்த அளவு சிலிண்டர் வாங்குவது? 5 பவுண்டில் எத்தனை கெக் ஓடும்? – வாசகி, நியூ ஜெர்சி

நொதித்து முடிந்த பியரில் அறை வெப்பத்தில் ஏற்கெனவே 0.85 பங்கு கேஸ் (லிட்டர் பியருக்கு 0.85 லிட்டர்) கரைந்திருக்கும். அதை 2.5 பங்குக்கு ஏற்ற சுமார் 60 கிராம் தேவை. 12 பிஎஸ்ஐயில் கடைசிக் குவளை வரை ஊற்றும்போது கெக்கின் காலி இடத்தை நிரப்ப இன்னொரு 65 முதல் 70 கிராம். இத்துடன், காலி கெக்கில் சானிடைசர் நிரப்பி அதை கேஸால் தள்ளிக் காற்றை வெளியேற்றும் வழக்கம் உள்ளவர்களுக்கு மேலும் 50 கிராமுக்குக் குறையாது. மொத்தத்தில் கெக்கிற்கு 130 முதல் 200 கிராம். 5 பவுண்டு என்பது 2,270 கிராம். கசிவில்லாமல் இருந்தால் 11 முதல் 17 கெக் வரை வரும்.

ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைக்க வேண்டுமென்றால் ஒன்றரை அடி உயரமுள்ள 5 பவுண்டு அலுமினிய சிலிண்டர்தான் சரி. வெளியே வைத்துப் பக்கச் சுவரில் துளையிட்டுக் குழாய் விட முடிந்தால் 20 பவுண்டு வாங்குங்கள். நிரப்பும் கூலியில் பெரும்பகுதி கடைக்காரரின் வேலைக்கானது, கேஸ் மலிவு. அதனால் நான்கு மடங்கு கேஸுக்கு நான்கு மடங்கு விலை கேட்க மாட்டார்கள். 10 பவுண்டு எதற்கும் முழுதாகப் பொருந்துவதில்லை என்பது எங்கள் கருத்து.

சொந்த சிலிண்டரை நிரப்பி வாங்குவதா, மாற்றிக்கொள்வதா? – வாசகர், சிகாகோ

கழுத்தில் பொறித்திருக்கும் தேதியைப் பொறுத்தது. இந்தச் சிலிண்டர்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை கட்டாயம். கடைசிச் சோதனையின் மாதமும் ஆண்டும் கழுத்தில் அடிக்கப்பட்டிருக்கும். தேதி தாண்டியிருந்தால் கடைக்காரர் நிரப்பக் கூடாது. பளபளக்கும் புது அலுமினிய சிலிண்டர் வைத்திருப்பவர்கள், கண்முன்னே நிரப்பித் தரும் கடையைத் தேடுங்கள். தீயணைப்புக் கருவி பழுதுபார்க்கும் கடைகளும் இதைச் செய்கின்றன. நிரப்பும் கேஸ் பானத் தரமா என்பதை அங்கேயும் கேட்க வேண்டும். பழைய சிலிண்டரை மலிவாக வாங்கியவர்கள் மாற்றிக்கொள்வதே லாபம், சோதனைச் செலவு கடைக்காரர் தலையில் போய்விடும்.

எப்படி வாங்கினாலும் எடை போடாமல் கிளம்பாதீர்கள். "டி.டபிள்யூ." என்ற எழுத்துகளை அடுத்துப் பொறித்திருப்பது காலி எடை. 5 பவுண்டு அலுமினியத்துக்கு 7, 8 பவுண்டு இருக்கும். தராசு காட்டுவதில் அதைக் கழித்தால் மிச்சம்தான் கேஸ். சிலிண்டர் குளிராமல் அவசரமாக நிரப்பினால் 4 பவுண்டிலேயே நின்றுவிடும். சிலிண்டர் கொள்ளும் நீரின் எடையில் 68 சதவீதத்துக்கு மேல் கேஸ் நிரப்புவதும் ஆபத்து. வெயிலில் அழுத்தம் ஏறிப் பாதுகாப்புத் தகடு வெடித்து கேஸ் முழுவதும் வெளியேறும்.

நிரப்பி வந்த அன்று 850 பிஎஸ்ஐ காட்டிய மானி, ஃபிரிட்ஜில் வைத்த மறுநாள் 550 காட்டுகிறது. இரண்டே வாரத்தில் சிலிண்டர் காலி. ஏமாற்றிவிட்டார்களா? – வாசகர், சியாட்டில்

முதல் பாதிக்குக் காரணம் குளிர். சிலிண்டருக்குள் திரவம் இருக்கும் வரை மானி வெப்பநிலையைத்தான் காட்டும், அளவைக் காட்டாது. 21 டிகிரி செல்சியஸில் 840க்கு அருகிலும், ஃபிரிட்ஜின் 4 டிகிரியில் 550க்கு அருகிலும் நிற்கும். திரவம் தீர்ந்த பிறகுதான் முள் சரசரவென்று இறங்கும். அளவை அறியத் தராசு மட்டுமே.

இரண்டாவது பாதி கசிவு. முதல் சந்தேகம் ரெகுலேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள தட்டை வாஷர்மேல். ஃபைபர் வாஷரை ஒவ்வொரு முறை கழற்றும்போதும் மாற்றுங்கள். டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். இந்த இணைப்பை அடைப்பது வாஷர்தான், மரை அல்ல. கைமுறுக்கு போதாது, ஸ்பேனர் போட்டு முறுக்குங்கள். அடுத்தது கெக் மூடியின் ஓ-ரிங். உணவுத் தர சிலிக்கான் கிரீஸ் தடவி, 30 பிஎஸ்ஐ கொடுத்து மூடியை இருத்திவிட்டு 12க்கு இறக்குங்கள். பிறகு போப்பெட் (கெக் இணைப்புக்குள் இருக்கும் சிறு ஸ்பிரிங் வால்வு), குழாய் கிளாம்ப் எல்லாவற்றிலும் சோப்பு நீர் தடவிப் பாருங்கள்.

மெல்லிய கசிவில் குமிழி வராது. கெக்குகளைக் கழற்றி, குழாய்களில் அழுத்தம் ஏற்றி, சிலிண்டர் வால்வை மூடி ஓர் இரவு விடுங்கள். முள் இறங்கினால் கசிவு ரெகுலேட்டர் பக்கம். இறங்காவிட்டால் கெக்குகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து மீண்டும் பாருங்கள். ஆனால் இன்னும் நுரையேறாத கெக்கை வைத்து இதைச் செய்யாதீர்கள். பியர் கேஸை உறிஞ்சுவதாலேயே முள் இறங்கும். இல்லாத கசிவைத் தேடிப் பலர் நாள் கழிக்கிறார்கள்.

சோடாஸ்ட்ரீம் சிலிண்டர், பெயின்ட்பால் சிலிண்டர், சிறு கேட்ரிட்ஜ் – இவற்றை கெக்கிற்குப் பயன்படுத்தலாமா? – வாசகி, ஆஸ்டின்

சோடாஸ்ட்ரீம் பானத்துக்கென்றே வருவது; அடாப்டர் போட்டால் ஓடும். 410 கிராம்தான், மூன்று கெக்கிற்குள் தீரும். பெயின்ட்பால் சிலிண்டரும் அடாப்டருடன் பொருந்தும், நிரப்பும் கேஸின் தரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். 16 கிராம் கேட்ரிட்ஜ் ஏற்கெனவே நுரையேறிய கெக்கை விருந்துக்கு எடுத்துப் போகும்போது ஊற்றுவதற்கு மட்டும். ஏர்கன்னுக்கு விற்பதில் மசகு எண்ணெய் கலந்திருக்கலாம். அதை பியர் பக்கமே கொண்டுவராதீர்கள். எண்ணெய் நுரையைக் கொன்றுவிடும்.

உலர்பனியைக் கெக்கில் போட்டு மூடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கூடவே கூடாது. அழுத்தம் எங்கே நிற்கும் என்பது யார் கையிலும் இல்லை.

சிலிண்டரை அடித்தள அறையில் வைத்தால் ஆபத்தா? – வாசகர், மினியாபொலிஸ்

5 பவுண்டு முழுவதும் கசிந்தால் சுமார் 1,230 லிட்டர் கேஸ். 3 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள மூடிய அறையில் அது 5.7 சதவீதம். 4 சதவீதமே உயிருக்கு உடனடி ஆபத்து என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அளவுகோல். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் தரையோடு தேங்கும். 20 பவுண்டு வைப்பவர்கள் கார்பன் டை ஆக்சைடு அலாரம் ஒன்றைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மாட்ட வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் இதற்கு உதவாது. சிலிண்டரைச் சுவரோடு சங்கிலியில் கட்டி நிமிர்த்தியே வையுங்கள். காரில் கொண்டுவரும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். வழியில் வெயிலில் நிறுத்திவிட்டுக் கடைக்குப் போக வேண்டாம்.

கோவையில் இதைச் செய்யலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

முடியாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937இன் கீழ் உரிமம் இல்லாமல் வீட்டில் பியர் காய்ச்சுவது குற்றம். கெக்கில் சோடா, இஞ்சி பானம் போடுவதற்கு மேலே சொன்ன கேஸ் விவரங்கள் அப்படியே பொருந்தும்.

இங்கே பப் கேஸ் சுலபமாகக் கிடைக்கிறது. ஆனால் 2018, 2021 போல மறுபடியும் தட்டுப்பாடு வந்தால் என்ன செய்வது? – வாசகர், லண்டன்

முதலில் பப் கேஸ் பற்றி. 60/40, 30/70 என்று எழுதிய சிலிண்டர்களில் நைட்ரஜன் கலந்திருக்கும்; முதல் எண் கார்பன் டை ஆக்சைடு, அடுத்தது நைட்ரஜன். 30/70ஐ 12 பிஎஸ்ஐயில் விட்டால், அதில் கார்பன் டை ஆக்சைடின் பங்கு அழுத்தம் ஒரு வளிமண்டலத்தைக்கூட எட்டாது; சாதாரண பியர் சப்பென்று ஆகிவிடும். கலப்பில்லாததைக் கேளுங்கள், 6.35 கிலோ அளவு எங்கும் இருக்கும். அமெரிக்க ரெகுலேட்டர் பிரிட்டிஷ் வால்வில் ஏறாது.

தட்டுப்பாட்டின் காரணம் இந்த கேஸ் வேறொரு தொழிலின் துணைப்பொருள் என்பது. உங்கள் நாட்டில் பெரும்பங்கு உரத்துக்கான அமோனியா ஆலைகளிலிருந்து வந்தது. 2021 செப்டம்பரில் எரிவாயு விலை ஏறியதும் பில்லிங்ஹாம், இன்ஸ் ஆலைகள் நின்றன, கேஸும் நின்றது. அமெரிக்காவில் 2020இல் எத்தனால் ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தபோதும் இதுவே நடந்தது.

உங்கள் நொதிகலனே ஒரு கேஸ் ஆலை. நொதிக்கும்போது அடர்த்தி 1.050இலிருந்து 1.010க்கு இறங்கும் 19 லிட்டர் பியர் 380 லிட்டருக்கு மேல் கேஸ் விடுகிறது. நொதிகலனின் கேஸ் குழாயை, சானிடைஸ் செய்த காலி கெக்கின் திரவப் பக்க இணைப்பில் மாட்டுங்கள். கேஸ் பக்கத்திலிருந்து ஒரு குழாயை நீர்ப் பாத்திரத்தில் விடுங்கள். நொதித்து முடிவதற்குள் கெக்கில் காற்று இராது. சிலிண்டரிலிருந்து ஒரு கிராமும் செலவில்லை. பியரை மாற்றும்போது 115 கிராம் சர்க்கரையைச் சிறிது நீரில் கொதிக்கவைத்து ஆற்றிச் சேர்த்து, 20 டிகிரியில் இரண்டு வாரம் விட்டால் 2.4 பங்கு நுரை தானாக ஏறும். ஸ்பண்டிங் வால்வு (வைத்த அழுத்தத்தைத் தாண்டும் கேஸை மட்டும் வெளியே விடுவது) இருந்தால் சர்க்கரையும் வேண்டாம். இறுதி அடர்த்திக்கு மூன்று, நான்கு புள்ளி (ஒரு புள்ளி 0.001) மிச்சமிருக்கும்போதே கெக்கிற்கு மாற்றி மூடுங்கள். ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய அரைப் பங்கு நுரை தரும். அறை வெப்பத்தில் 2.5 பங்குக்கு வால்வை 30 பிஎஸ்ஐக்கு அருகில் வைக்க வேண்டும். 12இல் வைத்தால் பாதி கேஸ் வெளியே போய்விடும். இப்படிச் செய்தால் சிலிண்டர் ஊற்றுவதற்கு மட்டுமே தேவைப்படும், கெக்கிற்கு 70 கிராமுக்குள் அடங்கும்.