பகுதி நேர வேலை என்ற பெயரில் ஐம்பது மணி நேரம்

கேள்வி: காவேரிப்பட்டினத்துக்கு அருகில் உள்ள கிராமத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு வந்து பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். காலை ஷிஃப்ட் என்பதால் கல்லூரி மதியத்தோடு முடிந்துவிடும். ஒரு துணிக்கடையில் மூன்று மணி முதல் இரவு பத்து வரையிலும், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து முதல் இரவு பத்து வரையிலும் பகுதி நேரமாக வேலை செய்கிறேன். சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. சம்பளம் 9,000 ரூபாய். வார விடுமுறை கிடையாது. ஈரோட்டிலிருந்து சரக்கு இறங்கும் புதன்கிழமைகளில் காலையிலேயே வரச் சொல்கிறார்கள். அதனாலும் ஆடித் தள்ளுபடியாலும் இதுவரை 17 நாள் வகுப்புக்குப் போகவில்லை. இன்டர்னல் தேர்வுக்கு விடுப்பு கேட்டால் மேனேஜர், ‘படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற’ என்கிறார். அப்பா பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். தங்கை பத்தாம் வகுப்பு. வேலையை விடவும் முடியவில்லை. என்ன செய்வது?

பதில்: அன்புள்ள தம்பிக்கு, உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் மேனேஜர் சொன்ன அந்த வாக்கியத்தை மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். வேலை நேரத்தையோ ஒரே ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் பெரிதாகப் பட்டது. தேநீருக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் நேரத்தைக் கழித்துக் கூட்டிப் பார்த்தேன். வாரத்துக்கு ஏறத்தாழ 50 மணி நேரம் வருகிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 என்று ஒன்று நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின்படி முழு நேர ஊழியருக்கே நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணிதான் வேலை. அதற்கு மேல் வாங்கும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி தர வேண்டும். வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை உண்டு, அதற்காகச் சம்பளத்தைப் பிடிக்கவும் கூடாது. ஆகவே நீங்கள் பார்ப்பது பகுதி நேர வேலையே அல்ல. இரண்டையும் சமாளிக்கத் தெரியவில்லையே என்று உங்களை நீங்களே குறைத்து எழுதியிருப்பதை முதலில் கைவிடுங்கள்.

இப்போது மேனேஜரைப் பற்றி. உங்கள் படிப்பின் அருமையை அவருக்குப் புரியவைக்க வேண்டும் என்று பத்து மாதமாக முயன்று வந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அவர் உங்கள் நலம் விரும்பியாக இருந்தால் நல்லதுதான். இல்லாவிட்டாலும் உங்கள் வேலை நடக்கும். கவுண்டரில் ஆள் குறைந்தால் முதலாளியிடம் பதில் சொல்ல வேண்டியவர் அவர். விடுப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் காதில் விழுவது ‘ஆள் குறையும்’ என்பது மட்டுமே. சுடுசொல்லுக்கு அது நியாயம் ஆகாது, ஆனால் அவரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்டுப் பயனில்லை என்பதை அது காட்டுகிறது. பரிவைக் கேட்காதீர்கள், மணி நேரத்தைக் கேளுங்கள். அதையும் தேர்வுக்கு முந்தைய நாள் கல்லா அருகே நின்றுகொண்டு கேட்காமல், ஒரு மாதம் முன்னதாகத் தாளில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

அந்தத் தாளில் என்ன எழுதுவது என்பதற்கு உங்கள் வருகைக் கணக்கே அடிப்படை. ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று கொண்டால், தேர்வு எழுதத் தேவையான 75 விழுக்காடு வருகைக்கு 68 நாள் வகுப்பில் இருந்தாக வேண்டும். 22 நாளுக்கு மேல் தவறக் கூடாது. 17 போய்விட்டதால் கையில் இருப்பது ஐந்தே நாள். தீபாவளி வியாபாரமும் நவம்பர் செமஸ்டர் தேர்வும் அடுத்தடுத்து வருவதை நினைத்தால் இந்த ஐந்து நாள் எத்தனை சீக்கிரம் கரையும் என்று உங்களுக்கே தெரியும். வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான ‘கண்டொனேஷன்’ கட்டணம் கட்டித் தேர்வு எழுதும் வழி இருக்கிறது என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். அதை நம்பி இப்போதே விடுப்பு எடுக்க வேண்டாம். கடையில் சீசன் எப்போது வரும் என்பது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்ததுதான். உங்கள் தேர்வும் அப்படித் தேதி குறித்து வருவதுதான் என்பதை மேனேஜர் இதுவரை தாளில் பார்த்ததில்லை, அவ்வளவே.

எனவே இரண்டாம் இன்டர்னல் தேர்வின் தேதிகளையும் செமஸ்டர் தேர்வு நடக்கும் வாரங்களையும் வரிசையாக எழுதுங்கள். கீழே மாற்று ஏற்பாட்டையும் நீங்களே சொல்லிவிடுங்கள். வாய்மொழியாகச் சொல்லும்போது, ‘சார், புதன்கிழமை காலையில் இனி என்னால் வர முடியாது, கல்லூரி இல்லாத சனிக்கிழமைகளில் காலையிலேயே வந்து விலைச்சீட்டு ஒட்டி அடுக்கித் தருகிறேன். ஞாயிறும் வருகிறேன், ஆனால் வியாபாரம் மந்தமாக இருக்கும் செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை வேண்டும்’ என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். குடும்பக் கஷ்டத்தையோ, பட்டம் பெற்ற பின் என்ன ஆகப் போகிறீர்கள் என்பதையோ அங்கே விவரிக்க வேண்டியதில்லை. ‘கிழிக்கப் போற’ என்று மறுபடியும் சொன்னால் அதற்குப் பதில் சொல்லாமல், ‘புதன்கிழமைக்கு என்ன சார் முடிவு?’ என்று மட்டும் திரும்பக் கேளுங்கள். தாளைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மறுத்தால் முதலாளியைப் பார்க்கலாம். ஆனால் அவரிடம் முதலில் போகாதீர்கள், மேனேஜரைத் தாண்டிப் போனதற்கான விலையை அதன் பிறகு தினமும் நீங்கள்தான் கொடுக்க வேண்டியிருக்கும். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல் நிறுத்த முடியாது, முன்னறிவிப்பு தராவிட்டால் அதற்கு ஈடாக ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இதைச் சொல்லி யாரையும் மிரட்ட வேண்டாம். நாளையே துரத்திவிடுவார்களோ என்ற அச்சமில்லாமல் பேச இது உதவும். எல்லாம் கைமீறினால் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. (நின்றே இருப்பதால் இரவில் புத்தகத்தைத் திறந்ததும் தூக்கம் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். உங்கள் தளத்தில் ஒரு ஸ்டூலாவது இருக்கிறதா என்று பாருங்கள்.)

பணக் கணக்கு ஒன்று மிச்சம் இருக்கிறது. பிடிக்கக் கூடாது என்றாலும், மேனேஜர் செவ்வாய்க்கிழமைச் சம்பளத்தைப் பிடித்தே தீருவேன் என்று நின்றால் நாளுக்கு 300 ரூபாய் வீதம் மாதத்துக்கு 1,200 ரூபாய் குறையும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவர்களுக்கு, 2024 ஆகஸ்டில் தொடங்கிய ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஊர் அரசுப் பள்ளியில் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள், இந்தத் தொகையைப் பெறுவதாக எழுதவில்லை. விண்ணப்பிக்கவில்லை என்றால் கல்லூரியில் அதைக் கவனிக்கும் ஆசிரியரைத் திங்கட்கிழமையே பாருங்கள். அப்படியே துறை அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லி, நீங்கள் சொல்லும் 17 நாள்தான் அதிலும் இருக்கிறதா என்று சரிபாருங்கள். அங்கே எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் நான் மேலே போட்ட கணக்கு மாறும். அப்போது மேனேஜரிடம் பேசுவதற்குத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு வரை காத்திருக்காமல் அந்த வாரமே பேசிவிடுங்கள்.