சோர்வு நோய்க்குறியில் மெல்லிய உடற்பயிற்சியும் மருத்துவக் கஞ்சாவும்: கேள்வி பதில்

கேள்வி: நாள்பட்ட சோர்வு நோய்க்குறி இருப்பதை உறுதி செய்த மருத்துவர், வாரந்தோறும் நடையைக் கூட்டச் சொன்னார். கூட்டும்போதெல்லாம் படுக்கையில் விழுகிறேன். என் மனவுறுதி போதவில்லையா?

பதில்: மனவுறுதிக்கும் இதற்கும் தொடர்பில்லை. உடலோ மனமோ தன் எல்லையைத் தாண்டி உழைத்தால், பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து எல்லா அறிகுறிகளும் ஒருசேர மோசமாகி, நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ நீடிப்பதுதான் இந்நோயின் அடையாளமே. படிப்படியாகக் கூட்டும் பயிற்சியை இந்நோய்க்குச் சிகிச்சையாக அளிக்கக் கூடாது என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே அட்டவணையை விட்டுவிட்டு, மறுநாளும் அதற்கடுத்த நாளும் நிலை குலையாமல் எவ்வளவு செய்ய முடிகிறதோ அதையே அளவாகக் கொள்ளுங்கள்.

கேள்வி: நடப்பதற்கு முன் மருத்துவர் எழுதிக்கொடுத்த கஞ்சா எண்ணெயை எடுத்துக்கொண்டால் அரை மணி நேரம் வலியின்றி நடக்க முடிகிறது. தொடரலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.ஹெச்.சி. வலியை நாம் உணரும் விதத்தை மாற்றுகிறதே தவிர, தசைகளுக்குக் கூடுதல் ஆற்றலைத் தருவதில்லை. நிறுத்து என்று உடல் கொடுக்கும் குரல் கேட்காமல் போவதால் எல்லை எங்கே முடிந்தது என்பது தெரிவதில்லை. தெரியவரும்போது இரண்டு நாட்கள் கடந்திருக்கும். அன்றைய நடை சுகமாக இருந்ததை வைத்து மருந்து பலன் தருகிறது என்று முடிவு செய்பவர்கள் பலர். மூன்றாம் நாள் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்து எழுதி வைத்தால்தான் கணக்கு சரியாக வரும். மேலும் டி.ஹெச்.சி. இதயத் துடிப்பை உயர்த்தும். எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தைக் குறைக்கவும் கூடும். இந்நோயாளிகளில் பலருக்கு நின்றாலே படபடப்பும் தலைசுற்றலும் ஏற்கெனவே உண்டு என்பதால், மயங்கி விழும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. பயிற்சி முடிந்து, அன்று வேறு வேலை இல்லாத நேரத்தில் எடுத்துக்கொள்ள முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: துடிப்பை அளக்கும் கைக்கடிகாரம் உதவுமா?

பதில்: உதவும். காலையில் எழுமுன் படுத்தபடியே எடுத்த துடிப்பின் ஒரு வாரச் சராசரியுடன் 15ஐக் கூட்டி, அதற்கு மேல் போகாமல் இயங்குவது பலர் பின்பற்றும் ஒரு தொடக்க அளவு. டி.ஹெச்.சி. வேலை செய்யும் நேரத்தில் இந்த எண்ணை நம்ப முடியாது. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகளைச் சாப்பிடுபவர்களுக்கும் அப்படியே.

கேள்வி: தூக்கத்துக்காக மட்டும் எடுக்கிறேன். காலையில் மந்தமாக இருக்கிறது.

பதில்: வாய்வழி எடுக்கும் எண்ணெய் வேலை செய்யத் தொடங்கவே அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகலாம், அதன் பிறகு எட்டு மணி நேரம்கூட நீடிக்கலாம். தாமதமாக எடுத்தால் காலை வரை இழுக்கும். அந்த மந்தத்தை நோயின் சோர்வு என்று எண்ணி அளவைக் கூட்டிவிடாதீர்கள். நேரத்தை முன்னே நகர்த்துவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். இந்நோயின் சோர்வைக் கஞ்சா குறைக்கும் என்று காட்டும் வலுவான ஆய்வுகள் எவையும் இல்லை என்பதால், தூக்கமோ வலியோ மேம்படுகிறதா என்பதை மட்டும் பார்ப்பது நேர்மையான எதிர்பார்ப்பு.

கேள்வி: கஞ்சாவிலுள்ள இன்னொரு பொருளான சி.பி.டி. போதை தராது என்கிறார்களே, அது பாதுகாப்பானதுதானே?

பதில்: போதை தராது என்பது சரி. ஆனால் கல்லீரல் பல மருந்துகளைச் சிதைக்கப் பயன்படுத்தும் நொதிகளை அது தடுக்கும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், வலிப்புக்கான குளோபசாம் போன்ற மருந்துகளின் அளவு இரத்தத்தில் உயரக்கூடும். உங்கள் மருந்துப் பட்டியல் முழுவதையும் மருத்துவரிடம் காட்டாமல் தொடங்காதீர்கள்.

கேள்வி: உடற்பயிற்சி, கஞ்சா மருந்து இரண்டையும் ஒன்றாகத் தொடங்கலாமா?

பதில்: கூடாது. இரண்டும் ஒரே வாரத்தில் மாறினால், நிலை மோசமானதற்கு எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. மருந்தின் அளவு சில வாரங்கள் மாறாமல் நிலைத்த பிறகு, படுத்தபடியே கை கால்களை மெல்ல நீட்டி மடக்குவதில் தொடங்குங்கள்.

கேள்வி: என் மகள் பெரும்பாலும் படுக்கையிலேயே இருக்கிறாள். அவளுக்கு என்ன பயிற்சி?

பதில்: அவளுக்குப் பல் துலக்குவதும் புரண்டு படுப்பதுமே உழைப்புதான். அதற்கு மேல் எதையும் நீங்களாகச் சேர்க்க வேண்டாம். மூட்டுகள் இறுகாமல் இருக்கச் செய்ய வேண்டியதை, இந்நோயை அறிந்த இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வந்து, அவள் தாங்கும் அளவைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.