கார்டுக்கு முன் பிளாக்கைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் டிசி மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டைச் சிமுலிங்கில் (பிளாக் எனும் கட்டங்களை இணைத்து மாடல் அமைக்கும், மேட்லாப்பைச் சேர்ந்த மென்பொருள்) மாடலாக அமைத்து, உண்மையான மோட்டாருடன் இணைத்து இயக்க விரும்புகிறோம். கணினிக்கும் மோட்டாருக்கும் இடையே மின் சைகைகளைக் கொண்டுசெல்லும் உள்ளீட்டு-வெளியீட்டுக் கார்டு ஒன்றுக்கு விலைப்புள்ளி கொடுத்துள்ள விற்பனையாளர், "சிமுலிங்குடன் வேலை செய்யும், பிளாக்குகள் இலவசம்" என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: அவர் சொல்லும் இரண்டும் உண்மையாகவே இருந்தாலும், வாங்கிய கார்டு பெட்டியிலேயே கிடக்க வாய்ப்புண்டு. திரையில் சிறு கட்டமாகத் தெரியும் பிளாக்கின் உள்ளே இருப்பது, அந்த ஒரு கார்டு வகைக்கென்றே எழுதப்பட்ட டிரைவர். அது எந்த மென்பொருள் வெளியீட்டில், எந்த உரிமத்துடன், எவ்வளவு வேகத்தில் இயங்கும் என்பதே நீங்கள் கேட்க வேண்டியது.

முதலில் வேகம். உங்கள் விண்டோஸ் கணினியிலேயே மாடலை ஓட்டும் சிமுலிங்க் டெஸ்க்டாப் ரியல்-டைம், சாதாரண முறையில் நொடிக்கு 1,000 முறை வரை கார்டைப் படித்து எழுதும். மாடலை நிரல் குறியீடாக மாற்றும் சிமுலிங்க் கோடரின் உரிமமும் இருந்தால் 20,000 முறை வரை போகலாம். மோட்டாரின் வேகத்தை மட்டும் கட்டுப்படுத்துவதற்கு 1 மில்லிநொடி இடைவெளி பொதுவாகப் போதும் என்பதால், இன்னும் அதிக வேகம் கேட்கும் மின்னோட்டக் கட்டுப்பாட்டையும் மாடலே செய்ய வேண்டும் என்ற திட்டம் இல்லாதவரை கூடுதல் உரிமத்துக்குச் செலவிட வேண்டாம். "பிளாக் இலவசம்" என்ற சொல்லில் இந்த அடிப்படை உரிமங்கள் சேராது.

அடுத்தது மென்பொருளின் வெளியீடு, அதாவது பதிப்பு. மேட்லாப் ஆண்டுக்கு இருமுறை, ஏ, பி என்ற எழுத்துகளுடன் வருகிறது. பிளாக் தொகுப்பும் அதனுடன் சேர்ந்தே மாற வேண்டும். மாடலைத் தனியொரு கணினியில் ஓட்டும் சிமுலிங்க் ரியல்-டைம் (முன்பு எக்ஸ்பிசி டார்கெட்), 2020ஏ வரை தகுந்த கார்டு பொருத்திய சாதாரணக் கணினியிலும் ஓடியது. 2020பி வெளியீட்டில் அது கியூஎன்எக்ஸ் இயங்குதளத்துக்கு மாறி, ஸ்பீட்கோட் நிறுவனத்தின் கணினிகளில் மட்டுமே ஓடலாயிற்று. பழைய கார்டுகளை நம்பியிருந்தவர்கள் பழைய வெளியீட்டிலேயே நின்றுவிட வேண்டியதாயிற்று. ஆகவே உங்கள் கணினியில் இருக்கும் வெளியீட்டின் பெயரைக் குறிப்பிட்டு, அதில் பிளாக் இயங்கும் என்று விலைப்புள்ளியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

பணம் கொடுக்கும் முன் உங்கள் கணினியிலேயே செய்துகாட்டவும் கேளுங்கள். கார்டின் அனலாக் வெளியீட்டை அதன் உள்ளீட்டுடனேயே கம்பியால் இணைத்து, ஒரு சைன் அலையை 1 மில்லிநொடி இடைவெளியில் அரைமணி நேரம் ஓடவிட்டால் போதும். அப்போது பிளாக்கின் அமைப்புகளைத் திறந்து, 'அதிகபட்சத் தவறிய டிக்குகள்' (மாடல் எத்தனை நேர இடைவெளிகள் வரை பின்தங்கலாம்) என்ற எண்ணையும் பார்த்துவிடுங்கள். சாதாரண முறையில் அந்த எண்ணைப் பெரிதாக வைத்துவிட்டால், கணினி பின்தங்கினாலும் பிழைச்செய்தி வராது. விற்பவர்கள் எல்லோரும் இதைச் செய்வார்கள் என்று நான் சொல்லவில்லை. பார்ப்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

கேள்வி: நான் மாணவன். வீட்டில் பழக ஆர்டுயினோ உனோ என்ற சிறு கட்டுப்பாட்டு போர்டு போதுமா?

பதில்: வெப்பநிலைக் கட்டுப்பாடு போன்ற மெதுவான சோதனைகளுக்குப் போதும். அதற்கான சிமுலிங்க் பிளாக்குகளை இலவசமாகப் பதிவிறக்கலாம், ஆனால் சிமுலிங்க் உரிமம் வேண்டும். பரவலாகக் கிடைக்கும் உனோ ஆர்3 வகையில் இருப்பது 2 கேபி நினைவகமும் 16 மெகாஹெர்ட்ஸ் வேகமும்தான். தசம எண்களைக் கணக்கிடத் தனிச் சுற்று கிடையாது. அனலாக் வெளியீடு என்ற பெயரில் கிடைப்பதும் பிடபிள்யூஎம் துடிப்பே, அதாவது வேகமாக அணைந்து எரியும் மின்னழுத்தமே. பெரிய மாடலைப் பதிவேற்றினால் நினைவகம்தான் முதலில் தீரும்.

உரிமத்துக்குப் பணமில்லை என்றால், மும்பை ஐஐடியின் ஃபாஸி திட்டம் தரும் சைலாப்-ஆர்டுயினோ பிளாக்குகளை, சைலாப் என்ற இலவச மென்பொருளில் சிமுலிங்க் போல இருக்கும் எக்ஸ்காஸில் பயன்படுத்தலாம். அங்கே கணக்கு கணினியில் நடந்து, மதிப்புகள் யுஎஸ்பி கேபிள் வழியே தொடராகப் போய்வருவதால், வேகமான மோட்டார் சோதனைக்கு அது ஏற்றதல்ல. மலிவான நகல் போர்டு வாங்கினால், அவற்றில் பலவற்றில் இருக்கும் சிஎச்340 சிப்புக்குத் தனி டிரைவர் நிறுவ வேண்டியிருக்கலாம். கணினியில் போர்ட் தெரியவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள்.