மணலுக்குக் கணக்கு எழுதும் வேலை: கேள்வி பதில்

கடற்கரை மணல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் இருபத்தைந்து ஆண்டுகளாக என் வேலை. பாதி நாள் வகுப்பறை, பாதி நாள் கரை. கேள்விகள் நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

தூத்துக்குடி, பி.எஸ்சி. ஜியாலஜி மூன்றாம் ஆண்டு மாணவி: மேடம், இந்தத் துறைக்கு வர என்ன படிக்க வேண்டும்? கடலியல் என்றால் மீன் படிப்பு என்கிறார்கள் வீட்டில்.

வீட்டில் சொல்வது கடல் உயிரியல். நம்முடையது அலை, நீரோட்டம், மணல். ஜியாலஜி, இயற்பியல், கணிதம், சிவில் எதிலிருந்தும் வரலாம். எம்.எஸ்சி. கடலியலுக்கு விசாகப்பட்டினத்து ஆந்திரப் பல்கலைக்கழகமும் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் (குசாட்) பழைய இடங்கள். 1950களில் அமெரிக்கக் கடலியலாளர் யூஜின் லாஃபாண்ட் விசாகப்பட்டினத்தில் தங்கிக் கற்பித்தபோதே அங்கே கரையை அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். பொறியியல் பக்கம் போவதென்றால் சென்னை ஐஐடியில் கடல்சார் பொறியியல் துறை இருக்கிறது. முனைவர் பட்டத்துக்கு, நெட் தேர்வில் புவி அறிவியல் தாள் எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாய், வாடகைப்படி தனி. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஜியாலஜிக்காரர்கள் அலைக் கணிதத்தைக் கண்டு மிரள்வார்கள். மணல் சலிக்க ஒரு வாரத்தில் பழகிவிடலாம், கால்குலஸ் அப்படி வராது. இப்போதே அதைத் தூசி தட்டுங்கள்.

வடசென்னை மீனவர்: எங்கள் ஊரில் இரண்டு தெரு கடலுக்குள் போய்விட்டது. தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பு) கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். போட்டால் கரை திரும்புமா அம்மா?

அண்ணே, நீரோட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்த முடியாது. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அலை கரையில் சாய்வாக ஏறும், நேராக இறங்கும். அதனால் ஒவ்வொரு மணலும் ரம்பப் பல் போல ஏறி இறங்கி ஒரு பக்கமாக நகரும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் நம் கரையில் மணல் வடக்கே போகிறது, வாடைக் காலத்தில் தெற்கே திரும்புகிறது. வடக்கே போவது அதிகம் என்பதால் ஆண்டுக் கணக்கில் மிச்சம் வடக்குப் பக்கம்தான்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல் கொட்டிச் சுவர் எழுப்பினார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அங்கே நின்றுவிட்டது. மெரினா இன்று இவ்வளவு அகலமாக இருப்பது அதனால்தான். ராயபுரத்திலிருந்து வடக்கே உள்ள கரைக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. கடலுக்கு அந்தக் குறை தெரியாது. வழக்கம்போல எடுத்துக்கொண்டே போனது.

தூண்டில் வளைவு சின்ன அளவில் அதே வேலையைச் செய்கிறது. அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். உங்கள் வீடு நிற்கும், பக்கத்துக் குப்பம் மனு எழுத ஆரம்பிக்கும். வீடு போகிறவரிடம் கேட்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மனுவில் இரண்டு வரி சேருங்கள். வளைவுகளுக்கு இடையே முதலிலேயே மணல் கொட்டி நிரப்பித் தர வேண்டும். அப்போதுதான் அது கடந்து போகிற மணலைப் பிடித்துவைக்காது. துறைமுகத்தில் தூர்வாரும் மணலை நடுக்கடலில் கொட்டாமல் வடக்குக் கரைக்குத் தர வேண்டும். இதெல்லாம் நடக்காத காரியமில்லை. விசாகப்பட்டினத்தில் துறைமுக மணலைக் கரைக்குக் கொடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்றின் முகத்தில் 2001 முதல் பம்ப் வைத்து மணலை மறுபக்கம் அனுப்புகிறார்கள். அங்கே வடக்கே நகரும் மணல் ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர்.

புதுச்சேரி வாசகர்: எங்கள் பீச்சில் மணல் திரும்பி வந்துவிட்டதே, அது எப்படி?

1980களின் கடைசியில் கட்டிய துறைமுகத்தால் போன மணல் அது. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தண்ணீருக்கடியில் எஃகாலான ஆப்பு வடிவப் பார் (செயற்கைத் திட்டு) ஒன்றை வைத்து, மணலும் கொட்டியது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கரை கிடைத்தது. நல்ல வேலைதான். ஆனால் அது ஒரு துண்டுக் கரை. ஊருக்கு வடக்கே போய்ப் பாருங்கள், இன்னும் கல்தான்.

பொறியியல் மாணவர், கோவை: செயற்கைக்கோள் படமும் கணினி மாதிரியும் இருக்கும்போது எதற்கு மேடம் கரைக்குப் போக வேண்டும்?

தம்பி, செயற்கைக்கோள் படத்தில் கரைக்கோடு எங்கே என்று தெரியும், எவ்வளவு மணல் என்று தெரியாது. இலவசமாகக் கிடைக்கும் சென்டினல் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர். சரிவு குறைந்த கரையில் ஓதம் ஏறி இறங்கினாலே கோடு அவ்வளவு தள்ளிப்போகும். மாதிரிக்கு வருவோம். மணல் கணக்குக்கு நாம் அதிகம் பயன்படுத்தும் சூத்திரத்தில் நகரும் மணலின் அளவு, உடையும் அலை உயரத்தின் இரண்டரை அடுக்குக்கு (power) ஏற்ப மாறும். உயரத்தை 10 சதவீதம் கூட்டிப் போட்டால் மணல் 27 சதவீதம் கூடிவிடும். அளக்காமல் எதை நம்புவது?

அளக்கப் பெரிய கருவி வேண்டாம். 1961இல் எமரி என்பவர் சொன்ன முறை ஒன்று இருக்கிறது. ஒரே உயரமுள்ள, அளவு குறித்த இரண்டு கழிகள் போதும். கடல் பக்கத்துக் கழியின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் வரும்படி பின்கழியிலிருந்து பாருங்கள். அந்தக் கோடு பின்கழியை எங்கே வெட்டுகிறதோ, உச்சியிலிருந்து அதுவரை உள்ள அளவுதான் கரையின் இறக்கம். இப்போது என்னிடம் மிகத் துல்லியமாக இடம் காட்டும் ஆர்டிகே ஜிபிஎஸ் இருக்கிறது. முதலாண்டு மாணவர்களுக்கு மட்டும் இன்னும் கழிதான் கொடுக்கிறேன். கழியோடு நடந்தவனுக்குத்தான் கரை நேற்றைப் போல இல்லை என்பது காலில் படும்.

போட்டித் தேர்வு எழுதுபவர்: இந்தியக் கடற்கரை 7,516 கி.மீ. என்று படித்தோம். இப்போது 11,098 என்கிறார்கள். கரை வளர்ந்துவிட்டதா?

வளரவில்லை. முன்பைவிட நுணுக்கமான வரைபடத்தில் அளந்தார்கள், அதனால் ஒவ்வொரு வளைவும் நெளிவும் கணக்கில் வந்தது. தேர்வுக்குப் புது எண்ணையே எழுதுங்கள்.

ஆசிரியர், குளச்சல்: காற்றே இல்லை, வெயில் அடிக்கிறது, ஆனால் கடல் ஊருக்குள் வருகிறது. எப்படி?

கள்ளக்கடல். கேரள மீனவர்கள் வைத்த பெயர், இப்போது ஆய்வுக் கட்டுரைகளிலும் அதுவே. தெற்குப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை, பல நாள் பயணம் செய்து நம்மிடம் வந்து சேர்கிறது. அதனால்தான் நம் வானத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடிவதில்லை. 2024 மே மாதம் உங்கள் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது இப்படிப்பட்ட கடலில்தான். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் முன்னெச்சரிக்கை தருகிறது. அது வந்த நாளில் பிள்ளைகளைக் கால் நனைக்கக்கூட விடாதீர்கள்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: கடல் அடங்கியதும் கரை கறுத்துக் கிடக்கிறது. எண்ணெய்க் கழிவா?

கையில் அள்ளிப் பாருங்கள், ஒட்டாது. அது இல்மனைட் என்ற கறுப்புக் கனிமம். அடர்த்தி தண்ணீரைப் போல நான்கு மடங்குக்கு மேல். வெள்ளை மணல், அதாவது குவார்ட்ஸ், 2.65தான். அலை லேசானதை அடித்துப் போய்விட்டு கனமானதை விட்டுப் போகிறது. பக்கத்தில் மணவாளக்குறிச்சியில் ஐஆர்இஎல் நிறுவனம் பிரித்தெடுப்பதும் இந்த மணலைத்தான். சிவப்பாக இருந்தால் கார்னெட் என்ற இன்னொரு கனிமம்.

ஒரு மாணவியின் தந்தை: விடியற்காலையில் பெண் பிள்ளையை ஆளில்லாத கரைக்கு எப்படி அனுப்புவது?

தனியாக அனுப்பாதீர்கள், ஆணையும்தான். நாங்கள் எப்போதும் மூன்று பேராகப் போவோம், ஊர்த் தலைவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவோம். ஒரு மாதத்தில் அந்த ஊர்ப் பெண்களே உங்கள் மகளுக்கு டீ போட்டு வைப்பார்கள். கழிப்பறைக்குத்தான் என்ன செய்வது என்று இன்றைக்கும் திட்டம் போட வேண்டியிருக்கிறது.

சென்னை ஆய்வு மாணவர்: நீங்கள் செய்த பெரிய தவறு எது மேடம்?

தென்னை மரம். ஆய்வு மாணவியாக இருந்தபோது ஒரு மரத்தில் ஆணி அடித்து, அதிலிருந்துதான் ஒவ்வொரு மாதமும் அளப்பேன். பதினான்காவது மாதம், கார்த்திகையில் போனால் மரமே இல்லை. அதற்குப் பிறகு எடுத்த அளவுகளைப் பழையவற்றோடு சேர்க்க வழியில்லாமல் அந்த இடத்தையே ஆய்விலிருந்து எடுத்துவிட்டேன். வழிகாட்டி திட்டவில்லை, "மரம் எத்தனை மீட்டர் உள்ளே இருந்தது?" என்று மட்டும் கேட்டார். அதையும் நான் குறித்திருக்கவில்லை. இப்போது ஒவ்வொரு இடத்திலும் இரண்டு குறி வைக்கிறேன். ஒன்று மாதா கோயில் படிக்கல்லில், இன்னொன்று அதற்கும் உள்ளே பள்ளிக்கூடக் கிணற்று மேடையில்.