உங்கள் பெயரில் போகும் மின்னஞ்சல்: வன்னி வாசகர்களின் கேள்விகள்

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் ஜிமெயில் முகவரியை அமேசானின் அஞ்சல் அனுப்பும் சேவையான எஸ்இஎஸ்ஸில் வெரிஃபை செய்து, கனடா, லண்டன் என்று 600 பேருக்கு அனுப்புகிறோம். பலருக்கு ஸ்பாமில் விழுகிறது. எங்கே பிழை?
— செயலாளர், புதுக்குடியிருப்பு

நீங்கள் உறுதிப்படுத்தியது முகவரியை மட்டும். அந்த இன்பொக்ஸைத் திறந்து இணைப்பை அழுத்த உங்களால் முடியும் என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிக்காது. முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்தான் டொமைன். ஜிமெயில் என்ற டொமைன் கூகிளுடையது. அதன் பெயரில் ஒப்பமிட அமேசானுக்கு உரிமை இல்லை. கடிதத் தலைப்பில் ஒரு சங்கம், இறப்பர் முத்திரையில் வேறொரு சங்கம் என்றால் விதானையார் அந்தக் கடிதத்தை ஏற்பாரா? பெறுகிற சேர்வரும் அப்படித்தான் சந்தேகப்படுகிறது. யாஹூ முகவரி என்றால் நிலைமை இன்னும் மோசம். தன் பெயரில் வேறு வாசலால் வரும் அஞ்சலைத் திருப்பிவிடும்படி யாஹூ 2014 முதலே அறிவித்து வைத்திருக்கிறது.

சங்கத்துக்கென்று ஒரு டொமைன் வாங்குங்கள். அதை எஸ்இஎஸ்ஸில் சேர்த்தால் மூன்று சீநேம் பதிவுகள் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டும் வரிகள்) தரும். அவற்றை டொமைனின் பதிவேடான டிஎன்எஸ்ஸில் போட்டதும், டொமைன் உங்களுடையது என்ற உறுதியும் டிகிம் என்ற மின்னொப்பமும் ஒன்றாகவே கிடைத்துவிடும். அதன்பின் செயலாளர், பொருளாளர் என்று அந்த டொமைனில் எந்த முகவரியிலிருந்தும் அனுப்பலாம். தனித்தனியே வெரிஃபை செய்யத் தேவையில்லை. கூடவே, ஒப்பம் பொருந்தாத அஞ்சலை என்ன செய்வதென்று பெறுகிற சேர்வருக்குச் சொல்லும் டிமார்க் பதிவும் போடுங்கள். ஜிமெயில்காரருக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோரிடம் எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் எந்தச் சேர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம், டிமார்க் மூன்றையும் 2024 பெப்ரவரியிலிருந்து கூகிள் கேட்கிறது. நீங்கள் அந்த அளவுக்கு அனுப்புவதில்லை, ஆனாலும் செய்யுங்கள். வற்றாப்பளைப் பொங்கலோடு ஒன்றுகூடல் என்று நீங்கள் எழுதிய அறிவித்தல் ரொறன்ரோவில் ஒருவருடைய ஸ்பாமில் கிடந்தால், அவர் விமானச் சீட்டுப் போடமாட்டார். பிறகு அவரை ஊரில் காண அடுத்த வைகாசிதான்.

மூன்று சீநேம் பதிவுகளையும் போட்டு நாலு நாளாகிறது. இன்னும் ‘பெண்டிங்’ என்றே காட்டுகிறது.
— அரிசி ஆலை, கிளிநொச்சி

72 மணித்தியாலம் வரை பொறுக்கலாம். அதைத் தாண்டினால் பதிவில்தான் பிழை. முதலில், சரியான இடத்தில் போட்டீர்களா என்று பாருங்கள். டொமைனை ஒரு நிறுவனத்தில் வாங்கி, நேம்சேர்வரை (டிஎன்எஸ் பதிவுகளை உலகத்துக்குச் சொல்லும் சேர்வரை) இன்னொரு இடத்துக்குத் திருப்பியிருப்பார்கள். நேம்சேர்வர் எங்கே இருக்கிறதோ அங்கே போடும் பதிவுதான் வேலை செய்யும். வாங்கிய இடத்தில் எத்தனை தரம் போட்டாலும் உலகத்துக்குத் தெரியாது.

அடுத்தது, பெயர் இரட்டிப்பு. எஸ்இஎஸ் தருவது டொமைனோடு சேர்ந்த முழுப்பெயர். பதிவு போடும் சில பனல்கள் தாங்களாகவே கடைசியில் டொமைனை ஒட்டும். அப்போது உங்கள் ஆலையின் பெயர் இரண்டு தரம் வந்து நிற்கும். பெயர்ப் பெட்டியில் டொமைனுக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் வைத்திருங்கள். டிஎன்எஸ்ஸுக்குக் கிளவுட்ஃபிளெயர் என்ற சேவையைப் பாவிப்பவர் என்றால், அந்தப் பதிவுகளுக்குப் பக்கத்தில் உள்ள செம்மஞ்சள் முகிலை அணைத்துவிடுங்கள்.

டொமைன் வெரிஃபை ஆகிவிட்டது. ஆனால் பெற்றோருக்கு அனுப்பினால் ‘முகவரி வெரிஃபை செய்யப்படவில்லை’ என்கிறது!
— தனியார் கல்வி நிலையம், மல்லாவி

நீங்கள் இன்னும், புதிய கணக்குகளுக்கான சோதனைக் கட்டமான சாண்ட்பொக்ஸுக்குள் நிற்கிறீர்கள். அங்கே பெறுபவரும் வெரிஃபை செய்யப்பட்டிருக்க வேண்டும். 24 மணித்தியாலத்தில் 200 அஞ்சல், செக்கனுக்கு ஒன்று என்பதுதான் எல்லை. வெளியே வர விண்ணப்பியுங்கள். யாருக்கு, எதற்காக அனுப்புகிறீர்கள், முகவரிகள் எப்படிக் கிடைத்தன, வேண்டாம் என்பவரை எப்படி நீக்குவீர்கள் என்று விபரமாக எழுதுங்கள். ஒற்றை வரியில் எழுதினால் மறுத்துவிடுவார்கள். அனுமதி கிடைத்தபின், பழைய கொப்பியில் இருந்த முகவரிகளையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றாதீர்கள். திரும்பி வருபவை 5 வீதத்தைத் தொட்டால் கணக்கு மீளாய்வுக்குப் போகும்; 10 வீதத்தில் அனுப்புவதையே நிறுத்திவைக்கலாம்.

இன்னொன்று: அமேசான் சேர்வர்கள் இருக்கும் வட்டாரங்களை ரீஜன் என்பார்கள். மும்பாய் ரீஜனில் வெரிஃபை செய்துவிட்டு சிங்கப்பூர் ரீஜனிலிருந்து அனுப்பினாலும் இதே பிழைதான் வரும். ஒவ்வொரு ரீஜனிலும் தனித்தனியே செய்யவேண்டும்.

வெரிஃபிகேஷன் இணைப்பை மறுநாள் பின்னேரம் அழுத்தினேன், வேலை செய்யவில்லை.
— மாணவி, வவுனியா

அதற்கு ஆயுள் 24 மணித்தியாலம். திரும்ப அனுப்பச் சொல்லி உடனே அழுத்துங்கள்.

இணையத்தளம் செய்து தந்த தம்பி வெளிநாடு போய்விட்டார். டொமைன் அவர் பெயரில். நாங்கள் இப்போது வெரிஃபை செய்வது எப்படி?
— கூட்டுறவுச் சங்கம், முல்லைத்தீவு

டிஎன்எஸ் கையில் இல்லாமல் செய்யமுடியாது. அந்தத் தம்பியோடு கதையுங்கள். பெரும்பாலும் கேட்டால் தருவார்கள். உறுதி ஒருவர் பெயரில், காணியில் இருப்பவர் இன்னொருவர் என்றால் என்ன நடக்கும் என்று வன்னியில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. டொமைனும் அப்படித்தான். டிஎன்எஸ்ஸை வைத்திருப்பவர் உங்கள் சங்கத்தின் பெயரில் தானும் வெரிஃபை செய்து அஞ்சல் அனுப்பலாம். அவர் கெட்டவராக இருக்கவேண்டும் என்றில்லை, அவருடைய கடவுச்சொல் களவு போனாலே போதும்.

உரிமையாளர் பெயரைச் சங்கத்துக்கு மாற்றுங்கள். கடவுச்சொல் தலைவர், செயலாளர் இருவரிடமும் இருக்கட்டும். நிர்வாகம் மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு அதையும் கையளியுங்கள். டொமைன் வாங்கிய கணக்குக்கும் அமேசான் கணக்குக்கும் அதே டொமைனில் உள்ள முகவரியைக் கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால், புதுப்பிக்கச் சொல்லி வரும் அஞ்சலும் உங்களுக்குக் கிடைக்காது.