மேலே ஒன்பது விமானம், கீழே எத்தனை பேர்?

கேள்வி: 2019-ல் பெங்களூர் எலஹங்காவில் நம் விமானப்படையின் சாகசக் குழுவான சூர்யகிரணின் விமானங்கள் இரண்டு மோதி ஒரு விங் கமாண்டர் இறந்தார். போரில் உயிர் விட்டால் வீரம். வேடிக்கை காட்டப் போய் உயிர் விடுவது என்ன வீரம்? மிஞ்சின தைரியம்தானே காரணம்? வரிப்பணத்தில் நடக்கும் இந்த சர்க்கஸை நிறுத்தச் சொல்லி நீங்கள் எழுதக் கூடாதா? இந்த லட்சணத்தில் எங்கள் ஊர்ப் பையன்கள் சிலர், செட்டிநாடு ஓடுதளத்துக்கே சூர்யகிரணைக் கூப்பிட வேண்டும் என்று பேசிக்கொண்டு திரிகிறார்கள். நம் பக்கம் பொட்டல்தானே, விழுந்தாலும் ஒன்றும் ஆகாதாம்!
– ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: நீங்கள் கேட்கிறபடி எழுத மாட்டேன். வேறொன்று எழுதுகிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

2019 பிப்ரவரி 19 அன்று எலஹங்காவில் நடந்தது ஒத்திகை. ஏரோ இந்தியா கண்காட்சி மறுநாள்தான் தொடக்கம். ஹாக் ரக விமானங்கள் இரண்டு நடுவானில் மோதின. இரண்டிலும் சேர்த்து இருந்த மூன்று பேரில் இருவர் இருக்கையோடு வெளியே பாய்ந்து தப்பினார்கள். விங் கமாண்டர் சாஹில் காந்தி இறந்துபோனார். விமானப்படை கொடுத்த விமானத்தில், விமானப்படை போட்ட உத்தரவில், பணி நேரத்தில் பறந்தவர் அவர். அதை 'வேடிக்கை காட்டப் போய்' என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உங்களுக்கு எப்படி வந்தது?

அப்புறம் அந்த 'மிஞ்சின தைரியம்'. விமானம் விழுந்தால் பைலட் மேல் பழியைப் போடுவது நமக்குச் சுலபம். அவர் எழுந்து வந்து பதில் சொல்லப் போவதில்லை. 1982 ஜனவரி 18 அன்று அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். அந்நாட்டு விமானப்படையின் தண்டர்பேர்ட்ஸ் சாகசக் குழு பயிற்சியில் இருந்தது. நான்கு டி-38 விமானங்கள் ஒரே வரிசையில் பக்கம் பக்கமாக மேலேறி, தலைகீழாக ஒரு வட்டம் அடித்து, தரைக்குச் சற்று மேலே நிமிர வேண்டும். நிமிரவில்லை. நான்கும் தரையில் மோதின, நான்கு பைலட்டுகளும் இறந்தார்கள். லீடர் விமானத்தின் வால் கட்டுப்பாடு இறுகிக்கொண்டது, மூக்கைத் தூக்க முடியவில்லை என்றது விசாரணை.

சரி, கெட்டது ஒரு விமானம். மற்ற மூன்றும் ஏன் விழுந்தன? அணியில் பறக்கிறவர் தரையைப் பார்த்துப் பறப்பதில்லை. பக்கத்து விமானம் சில மீட்டர் தூரத்தில் இருக்கும்போது கண்ணை எடுத்துத் தரையையோ கருவியையோ நிதானமாகப் பார்க்க நேரம் ஏது? லீடர் விமானத்தின் மேல் அவருக்கு ஒரு குறி உண்டு. அந்தக் குறி கண்ணில் இம்மியும் நகராமல் வைத்துக்கொள்வதுதான் அவர் வேலை. உயரத்தைக் கணக்குப் பார்ப்பது லீடர் பாடு. லீடர் நிமிர்ந்தால் இவர்களும் நிமிர்வார்கள். அன்று லீடரால் முடியவில்லை, அவ்வளவுதான். இதில் மிஞ்சின தைரியம் எங்கே இருக்கிறது? கற்றுக்கொடுத்ததைக் கடைசி நொடிவரை பிசகாமல் செய்ததால் செத்தார்கள்.

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். 2011 நவம்பர் 8, இங்கிலாந்தின் ஸ்காம்ப்டன் தளம். பிரிட்டிஷ் விமானப்படையின் ரெட் ஆரோஸ் குழுவைச் சேர்ந்த ஷான் கன்னிங்ஹாம் பறப்பதற்கு முந்தைய சரிபார்ப்பில் இருக்கிறார். விமானம் தரையில் நிற்கிறது. ஆபத்தில் பைலட்டை வெளியே தள்ளுவதற்கென்றே உள்ள இருக்கை, கேட்காமலே வெடித்து அவரை மேலே தூக்கி எறிந்தது. தரையில் நிற்கும்போது பாய்ந்தாலும் உயிர் பிழைக்கும்படி செய்யப்பட்ட இருக்கை அது. ஆனால் பாராசூட் விரியவில்லை. ஏன்? ஒரு போல்ட்டை அளவுக்கு மேல் முறுக்கியிருந்தார்கள். இருக்கையைச் செய்த நிறுவனம் 2018-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 11 லட்சம் பவுண்டு அபராதம் கட்டியது.

காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு நான் அந்த போல்ட்டைப் பற்றி எழுத முடிகிறது. எப்படி? அங்கே விசாரணை அறிக்கை வெளியே வந்தது, மரண விசாரணை பகிரங்கமாக நடந்தது, வழக்கு நீதிமன்றம் ஏறியது. நம் சூர்யகிரண் குழு கர்நாடகத்தின் பீதரில் 2006-ல் இருவரையும் 2009-ல் ஒருவரையும் இழந்தது. அப்புறம் எலஹங்கா. ஒவ்வொரு முறையும் 'விசாரணைக்கு உத்தரவு' என்று மறுநாள் பேப்பரில் ஒரு வரி வரும். அந்த விசாரணை என்ன சொன்னது என்ற முழு அறிக்கை மட்டும் பொதுவாக நம் கண்ணில் படுவதில்லை. போர் ரகசியம் என்றால் மூடி வையுங்கள், புரிகிறது. லட்சக்கணக்கான பேர் அண்ணாந்து பார்க்கிற ஒரு காட்சியில் அப்படி என்ன ரகசியம்? விமானத்தில் கோளாறா, ஒத்திகை போதவில்லையா, பைலட் களைத்திருந்தாரா என்பதை அவர் வீட்டாருக்கும் நமக்கும் சொன்னால் எந்த எதிரிக்கு லாபம்? நான் எழுத வேண்டுமென்றால் இதைத்தான் எழுதுவேன்.

நிறுத்தலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். நிறுத்தினால் விமானப்படை ஒன்றும் சாய்ந்துவிடாது. 1996-ல் தொடங்கிய சூர்யகிரணையே, பயிற்சிக்கு விமானம் போதவில்லை என்று 2011-ல் நிறுத்தி வைத்தார்கள். 2015-ல்தான் ஹாக் விமானங்களோடு திரும்பி வந்தது. இடையில் நாட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை. இதைப் பார்த்து விமானப்படையில் சேர ஆசைப்படுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதுவும் உண்மை. இந்தப் பட்டிமன்றத்தை நீங்களும் நானும் பொங்கல்வரை நடத்தலாம். எனக்கு அதில் சுவாரஸ்யம் இல்லை.

என் கவலை கீழே நிற்கிற கூட்டத்தைப் பற்றியது. நம் சிராவயல் மஞ்சுவிரட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மாடு பிடிக்க இறங்குகிறவனுக்குத் தான் எதில் இறங்குகிறோம் என்று தெரியும். பொட்டலில் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவன் குத்துப்பட்டுச் சாகும்போதுதான் ஊர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. விமான சாகசத்திலும் இந்த இரண்டு சாவையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது.

1988 ஆகஸ்ட் 28 அன்று, அப்போதைய மேற்கு ஜெர்மனியில், ராம்ஸ்டைன் அமெரிக்க விமானத் தளம். இத்தாலிய விமானப்படையின் ஃப்ரெச்சே திரிகொலோரி குழு புகையால் வானத்தில் ஓர் இதயம் வரைகிறது. தனியாக வரும் ஒரு விமானம் அதைக் குறுக்கே துளைத்துப் போக வேண்டும். மூன்று விமானங்கள் மோதின. அந்தத் தனி விமானம் கூட்டத்தை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. ஆகவே நெருப்பும் கூட்டத்துக்குள்ளேயே போனது. இறந்தவர்கள் 70 பேர், அவர்களில் பைலட்டுகள் மூவர்தான். விமானம் வரும் திசையைக் கொஞ்சம் மாற்றி, கூட்டத்தை இன்னும் தள்ளி நிறுத்தியிருந்தால் சாவு மூன்றோடு நின்றிருக்கலாம். ஐரோப்பாவில் தூர விதிகள் இறுகியது அதற்குப் பிறகுதான்.

அதோடு முடியவில்லை. அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் காயம்பட்டவர்களுக்கு நரம்பில் செருகிய குழாய், ஜெர்மன் ஆம்புலன்ஸ்காரர்கள் வைத்திருந்த டியூபோடு பொருந்தவில்லை. வெந்துபோனவர்களை ஏற்றிய ஒரு பஸ், வழி தெரியாத டிரைவர் கையில் மாட்டி, லுட்விக்ஸ்ஹாஃபன் மருத்துவமனைக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பணக்கார நாடு, இரண்டு ராணுவங்கள் பக்கத்தில். அவர்களுக்கே அந்தக் கதி.

நம் கதையைப் பாருங்கள். 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் சூர்யகிரண் உட்பட எல்லா விமானமும் ஒழுங்காகப் பறந்து ஒழுங்காகத் திரும்பின. மணலில் நின்றவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். வெயில்தான் காரணம் என்றது அரசுத் தரப்பு. அக்டோபரிலும் உச்சி வேளையில் மெரினாவில் வெயில் அடிக்கும் என்பது வானிலை ஆராய்ச்சி நிலையம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பெங்களூரிலும், எலஹங்கா விபத்து நடந்த அதே வாரம், பார்வையாளர்கள் நிறுத்தியிருந்த கார்களில் ஏறத்தாழ 300 எரிந்துபோயின.

இனி உங்கள் ஊர்ப் பையன்களுக்கு. பொட்டல்தானே, விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்கிறார்களா? 2010 மார்ச்சில் ஹைதராபாத் பேகம்பேட்டில் கடற்படையின் சாகர் பவன் குழு விமானம் ஓடுதளத்திலா விழுந்தது? குடியிருப்புப் பகுதியில் ஒரு கட்டடத்தின் மேல் விழுந்தது. அதிலிருந்த இரண்டு கடற்படை அதிகாரிகளும் இறந்தார்கள். செட்டிநாட்டில் பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கலாம். காவலுக்கு இருக்கிற குடும்பம், பக்கத்துத் தெருவில் இருப்பவர்கள், கால்நடைப் பண்ணையில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் பொட்டலா?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட அந்த ஓடுதளத்தில் ஒன்பது விமானம் அணிவகுத்து வந்தால் பார்க்க எனக்கும் ஆசைதான். நானே முன்வரிசைக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு வருவேன். பையன்களை மனு எழுதச் சொல்லுங்கள். விமானம் எந்தத் திசையில் வரும், கூட்டம் எங்கே நிற்கும், காய்ந்த புல்லை யார் வெட்டுவது, ஆயிரக்கணக்கான வண்டிகளை எங்கே நிறுத்துவது, குடிதண்ணீர் லாரி எத்தனை, தீக்காயம் பட்டவரை மதுரைக்கு எந்த வழியில் எவ்வளவு நேரத்தில் கொண்டுபோவது என்று ஒவ்வொன்றுக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் இதே பத்திரிகையில் ஒரு வரி வெட்டாமல் போடுகிறேன்.